ஆறாம் நம்பர் மரபணுவும் பதினாறு நாள் தீட்டும்

“கண்ணுக்கே தெரியாததப் படிச்சு வூட்டுக்கு என்ன புள்ள ஆவப்போவுது?”

இப்படிக் கேட்டவர் என் தாய்மாமன். அம்மாவின் தம்பி, என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். மாரண்டஹள்ளியில் தக்காளி மண்டி வைத்திருந்தார். கூடையின் மேல்வரிசையைப் பார்ப்பார், அடியில் கையை விட்டு ஒரு பழத்தை எடுத்து அழுத்திப் பார்ப்பார், விலையைச் சொல்லிவிடுவார். கண்ணுக்கும் கைக்கும் எட்டாத எதுவும் உலகத்தில் இருப்பதாக அவருக்கு நம்பிக்கை இல்லை, குலதெய்வத்தைத் தவிர.

தர்மபுரிக்குத் தினமும் பஸ் ஏறிப் போய் மூன்று வருடம் விலங்கியல் படித்து முடித்திருந்தேன். முதல் வகுப்பு. இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குள் போனவர்களெல்லாம் ஓட்டுப் போடப் போனவர்கள்தான். அப்பாவும் கைநாட்டு, அம்மாவும் கைநாட்டு. பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊருக்கு ஒரு கடிதம் வந்தால், நான் கல்லூரியிலிருந்து திரும்பும்வரை அது பிரிக்கப்படாமல் மாடத்தில் காத்திருக்கும். கெட்ட செய்தியாக இருந்தாலும் நிறுத்தி, ஏற்ற இறக்கத்தோடுதான் வாசிப்பேன்.

மாமா அப்படிக் கேட்டது என் நோட்டில் இருந்த ஒரு வட்டத்தைப் பார்த்து. கோழி முட்டையா என்றுதான் முதலில் கேட்டார். இல்லை, மைட்டோகாண்ட்ரியாவின் மரபணு வட்டம் என்றேன். அவர் முகம் அழுகின கூடையைப் பார்த்ததுபோல ஆனது.

நம் உடம்பில் கிட்டத்தட்ட எல்லா செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்று சின்னச் சின்ன உறுப்புகள் இருக்கின்றன. தின்ற களியை உடம்புக்கு வேண்டிய சக்தியாக மாற்றித் தருவது அவற்றின் வேலை. செல்லின் நடுவில் உட்கருவுக்குள் பெரிய மரபணுக் களஞ்சியம் இருக்க, இவை தங்களுக்கென்று ஒரு சின்ன வட்டத்தைத் தனியாக வைத்துக்கொண்டிருக்கின்றன, கூட்டுக்குடும்பத்தில் தனி அடுப்பு மூட்டிய மருமகள் மாதிரி. அந்த வட்டத்தில் எனக்குப் பிடித்தது ஏ.டி.பி.ஏஸ் ஆறு என்ற மரபணு. சக்தியைத் தயாரிக்கும் நொதி ஒன்று உண்டு. பல துண்டுகள் சேர்ந்த இயந்திரம் போன்றது அது. அதில் ஒரு துண்டைச் செய்வதற்கான குறிப்புதான் இந்த ஆறாம் நம்பர். பஞ்சப்பள்ளி அணையில் தேங்கிய தண்ணீர் மதகு வழியாகத்தானே வாய்க்காலுக்கு இறங்குகிறது? அதுபோல ஒரு சவ்வின் ஒருபுறம் தேங்கிக் கிடக்கும் புரோட்டான்கள் மறுபுறம் இறங்குவதற்கான மதகில் இந்தத் துண்டும் ஒரு பகுதி. அவை இறங்கும்போது இயந்திரம் சக்தியைப் பிடித்துக்கொள்கிறது.

மாமா கூடையைத் தூக்குவதும், தூக்கி வைத்துவிட்டுப் படிப்பால் என்ன பயன் என்று கேட்பதும் அந்தச் சக்தியில்தான் என்று அவரிடம் சொன்னேன். மதகு இருந்தால் அதைத் திறந்து மூட ஒரு லஸ்கர் வேண்டுமே, அது யார் என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

வேறு யாராவது கேட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் அந்த மாமாவுக்குத்தான் என்னைக் கொடுப்பதாக நான் பிறந்த அன்றைக்கே பேசி முடித்திருந்தார்கள். அக்காள் மகள், தாய்மாமன். எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் பொருத்தம் பார்க்க ஒன்றும் கிடையாது. ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தத்தில் பரிசம் போடுவதென்று நாளும் குறித்தாயிற்று. நானோ கோயம்புத்தூரில் ஒரு கல்லூரிக்கு எம்.எஸ்ஸி. உயிர்வேதியியல் படிக்க விண்ணப்பம் போட்டிருந்தேன். நேர்முகத் தேர்வுக்கு வரச்சொல்லி அட்டையும் வந்துவிட்டது. வீட்டில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் அது வந்தது எனக்கு மட்டுமே தெரியும். பரிசத்துக்கு இரண்டு நாள் முன்னால் நான் கோயம்புத்தூரில் இருக்க வேண்டும். வீடு நிறைய உறவுக்காரர்களை வைத்துக்கொண்டு என்னை யார் பஸ் ஏற்றிவிடுவார்கள்?

முடிவு சொல்ல வேண்டியவர் பெரியப்பா. அப்பாவின் அண்ணன், பங்காளிகளில் மூத்தவர். யாருக்கு யார் பங்காளி, யாருக்கு யார் மாமன் மச்சான், எந்தச் சாவுக்கு யாருக்கு எத்தனை நாள் தீட்டு என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். எங்கள் கல்லூரியில் பாரம்பரியம் பற்றிப் பாடம் நடத்தியவர்களுக்கே நான்கு தலைமுறைக்கு மேல் தடுமாறும். பெரியப்பா ஏழு தலைமுறைக்கு மூச்சு விடாமல் போவார்.

அவரிடம் முதலில் நியாயமான காரணத்தைத்தான் சொன்னேன். மிக நெருங்கிய சொந்தத்தில் கட்டினால், இரண்டு பக்கமும் ஒளிந்திருக்கும் ஒரே குறை பிள்ளையிடம் வந்து சேர வாய்ப்பு அதிகம் என்றேன்.

“நாங்கள்லாம் அப்புடிப் பொறந்தவங்கதான். எனக்கென்ன ரெண்டு மூக்கா இருக்குது?” என்றார்.

பார்த்தேன். ஒன்றுதான். ஆனால் இரண்டு பேருக்குப் போதுமானது.

அப்புறம்தான் அவருடைய சட்டத்தை வைத்தே அவரை மடக்குவது என்று முடிவெடுத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா, பெரியப்பா, மாமா மூன்று பேரும் எங்கள் வாசலில் பரிசத்துக்கு யார் யாரை அழைப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா கதவுக்கு உள்பக்கம் நின்றிருந்தாள். நோட்டை எடுத்துக்கொண்டு போய் வட்டத்தை விரித்தேன்.

குலம் அப்பா வழியில் வருகிறது, ஒரே குலத்தில் பிறந்தவர்கள் பங்காளிகள், பங்காளிக்குள் கொண்டான் கொடுத்தான் கிடையாது. சரிதானா என்று கேட்டேன். சரி என்றார் பெரியப்பா. இந்த வட்டம் அம்மா வழியில் மட்டுமே வருகிறது என்றேன். ஆண் பிள்ளையும் வாங்கிக்கொள்வான், பெண் பிள்ளையும் வாங்கிக்கொள்வாள். ஆனால் ஆண் அதைத் தன் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. அம்மாவும் மாமாவும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். எனக்குக் கொடுத்தது அம்மா. ஆகவே மாமாவிடம் இருக்கும் ஆறாம் நம்பர்தான் என்னிடமும் இருக்கிறது. அப்பா வழியில் ஒன்றானவன் பங்காளி என்றால் அம்மா வழியில் ஒன்றானவன் யார்?

இது நேர்மையான வாதம் இல்லை. அந்த மரபணு யாரும் யாரையும் கட்டிக்கொள்ளக் கூடாது என்று எங்கேயும் சொல்லவில்லை. அதற்குத் தன் வேலையைப் பார்க்கவே நேரம் சரியாக இருக்கிறது. பரீட்சையில் இப்படி எழுதியிருந்தால் எனக்குப் பூஜ்யம்தான். ஆனால் உண்மையைச் சொன்னால் மூக்கை எண்ணிக் காட்டுகிற சபையில் நான் வேறு என்ன செய்ய?

முதலில் காயப்பட்டவர் அப்பா. அப்படியானால் தான் ஒன்றுமே கொடுக்கவில்லையா என்று மெதுவாகக் கேட்டார். உட்கருவில் பாதி நீங்கள் கொடுத்ததுதான், அந்த இயந்திரத்தின் மற்ற துண்டுகளில் பெரும்பாலானவற்றுக்குக் குறிப்பு அங்கேதான் இருக்கிறது என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன். மாமா தொடையைத் தட்டிக்கொண்டு, “அப்ப நான் இவளுக்குப் பங்காளி. நாளைக்கு மண்டியில பாகம் கேட்டு வருவாளா?” என்றார். பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இதில் இவ்வளவு விஷயம் இருக்கிறதா என்று எழுந்தார், செருப்பைப் போட்டுக்கொண்டார், போய்விட்டார்.

அம்மா உள்ளேயிருந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “உறைமோரு மாதிரியா?”

பால் அப்பா வீட்டு மாட்டுப் பால். ஆனால் அம்மா கல்யாணமாகி வந்தபோது அவள் அம்மா வீட்டிலிருந்து ஒரு சொம்பில் கொண்டுவந்த தயிரைத்தான் முதல் நாள் உறை ஊற்றினாள். அந்தத் தயிரிலிருந்து அடுத்த நாள், அதிலிருந்து அதற்கடுத்த நாள் என்று எங்கள் வீட்டுத் தயிர் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று வருடம் படித்த எனக்கு இப்படி ஓர் உதாரணம் தோன்றவில்லை. ஆமாம் என்று சொல்வதற்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

என் வாதம் அத்தோடு செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பரிசத்துக்கு வெற்றிலை பாக்கு சொல்லியாகிவிட்டது. அந்தச் சமயத்தில்தான் மாரண்டஹள்ளியிலிருந்து ஆள் வந்தது. அம்மாவின் சித்தி இறந்துவிட்டார்.

இவர் அம்மாவைப் பெற்றவளின் தங்கை. அம்மாவை ஏழு வயதிலிருந்து வளர்த்தவர் இவர்தான். பெற்றவள் தீராத நோயாளி. பெற்றவள் இறந்தது எனக்கு எட்டு வயதானபோது. அந்தச் சாவின்போது, கல்யாணமாகிப் போன பெண்ணுக்குப் புருஷன் வீட்டுக் குலம்தான் குலம், ஆகவே பிறந்த வீட்டுச் சாவுக்கு மூன்று நாள் தீட்டுப் போதும் என்றார் பெரியப்பா. நான்காம் நாள் அவர் வீட்டில் காதுகுத்து. அம்மா தலைக்குக் குளித்துவிட்டுப் போய் நாற்பது பேருக்குப் பாயசம் கிண்டினாள். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கிண்டினது எனக்கு நினைவிருக்கிறது. நான் இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்ததும் நினைவிருக்கிறது.

சித்தியின் சாவுக்குப் போன அம்மா மூன்றாம் நாள் திரும்பினாள். நான்காம் நாள் காலையில் பெரியப்பா வந்தார். தீட்டுக் கழிந்தது, இனிப் பரிச வேலையைப் பார்க்கலாம் என்று அப்பாவிடம் சொன்னார். புருஷனின் அண்ணனோடு அம்மா நேராகப் பேசுவது வழக்கமில்லை. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் என்னிடம் சொல்வாள், நான் இல்லாவிட்டால் மாட்டிடம் சொல்வாள், அவர் கேட்டுக்கொள்வார். அன்றைக்கு நான் பக்கத்தில் நின்றும் அம்மா மாட்டிடம்தான் சொன்னாள்.

“தீட்டு இன்னும் கழியலன்னு சொல்லு. எங்க சித்திக்கு நான் பதினாறு நாளு புடிக்கப்போறேன்.”

பெரியப்பா மாட்டைப் பார்த்தார். பதினாறு நாள் பங்காளிக்கல்லவா என்றார்.

“எங்க சித்தியும் நானும் ஒரே உறை. அதுல அவ எனக்குப் பங்காளிதான். போன பொங்கலுக்கு ஓசூருப் பக்கம் ஒரு கெழவன் செத்தான். யாருன்னே தெரியாது. அவனுக்குப் பதினாறு நாளு, என்ன வளத்தவளுக்கு மூணு நாளா?”

அந்த ஓசூர்க் கிழவரின் கதை ஊருக்கே தெரியும். ஏழு தலைமுறைக்கு முன்னால் பிரிந்த பங்காளியா இல்லையா என்று பெரியப்பாவுக்கே நிச்சயமில்லை. சந்தேகம் இருந்தால் தீட்டு என்றே வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தெய்வக் குற்றம் என்று சொல்லி எங்கள் தெரு முழுக்கப் பொங்கலை நிறுத்தினார். பிள்ளைகள் கரும்பை வைத்துக்கொண்டு முறிக்கவும் முடியாமல் மென்று துப்பவும் முடியாமல் பதினாறு நாள் காவல் காத்தார்கள்.

இப்போது அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவர் முகத்திலேயே தெரிந்தது. எங்கள் ஊரில் படித்தவர் யாராக இருந்தாலும் என் வாதத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போயிருப்பார். பெரியப்பா படிக்காதவர், ஆனால் ஒரு சட்டத்தை ஏற்றுக்கொண்டால் அதன் கடைசிவரை போகிறவர். என்னைக் கூப்பிட்டு, அந்த ஆறாம் நம்பர் செத்தவரிடமும் இருந்ததா, அம்மாவிடமும் இருக்கிறதா, பெரிய படிப்புப் படித்தவர்கள் இதை ஒப்புக்கொள்கிறார்களா என்று மூன்று கேள்வி கேட்டார். மூன்றுக்கும் ஆமாம் என்றேன். இந்த மூன்று பதிலும் உண்மை. அவர் நான்காவது கேள்வியாக, இதற்கும் தீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருந்தால் நான் மாட்டியிருப்பேன். அவர் கேட்கவில்லை. இரண்டடி பின்னால் தள்ளி நின்றார்.

“அப்ப இந்த வூட்டுல நான் பதினாறு நாளு கால் வெக்கமாட்டேன்” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பதினாறு நாள் என்றால் கடைசி முகூர்த்தம் அதற்குள் போய்விடும். அப்புறம் ஆடி. ஆடியில் ஒரு நல்ல காரியமும் கிடையாது. நான் என் கல்யாணத்தை நிறுத்த எய்த அம்பை அம்மா எடுத்துத் தன் சித்திக்காக விட்டிருக்கிறாள். என்னைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்தது. வெட்கமாகவும் இருந்தது, வசதியாகவும் இருந்தது.

ஏழாம் நாள் அட்டையை எடுத்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அதுவரை மறைத்து வைத்ததற்கு இரண்டு திட்டு வாங்கினேன். அவள் என்னைப் பார்க்காமல் கொத்தவரங்காய் கிள்ளிக்கொண்டே, அங்கேயும் அந்த வட்டத்தைத்தான் படிப்பார்களா என்று கேட்டாள். அதுவும் உண்டு, அதைவிட நிறைய உண்டு என்றேன். இதைப் படித்து முடித்தால் வேலை கிடைக்குமா என்றாள். கிடைக்கும் என்றேன். கிடைக்காவிட்டால் என்றாள். கொத்தவரங்காய் தீர்ந்தது.

“நானும் வரேன்” என்றாள்.

தீட்டு வீட்டிலிருந்து வெளியூர் போகலாமா என்று அப்பாதான் தயங்கினார். அண்ணன் கேட்டால் என்ன சொல்வது என்றார். “தீட்டுன்னா கோயிலுக்குத்தான் போவக்கூடாது. காலேஜ் என்ன கோயிலா?” என்றாள் அம்மா. கல்லூரியைப் பற்றி யார் யாரோ எவ்வளவோ உயர்வாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு இதுதான் மிகவும் உதவியது. யாராவது கேட்டால் தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடுவதாக அப்பா ஒப்புக்கொண்டார். கேட்க யாரும் வரவில்லை. பெரியப்பா எங்கள் வாசல் இருக்கும் திசையில்கூட நடக்காமல் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போய்வந்தார்.

சேலத்தில் பஸ் மாறிக் கோயம்புத்தூர் போனோம். நேர்முகத் தேர்வில் ஐந்து கேள்வி கேட்டார்கள். நான்குக்குப் பதில் சொன்னேன். ஐந்தாவதற்குத் தெரியாது என்றேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கும் ஒரு மிடுக்கு உண்டு, அதைக் குறைக்கவில்லை. மத்தியானம் பட்டியலில் என் பேர் இருந்தது. அன்றைக்கே சேரச் சொன்னார்கள். விண்ணப்பத்தில் பெற்றோர் கையெழுத்துப் போடுகிற இடத்தைக் காட்டி, அப்பா வரவில்லையா என்று கேட்டார் அலுவலகத்தில் இருந்தவர்.

“அவருக்குத் தீட்டு இல்லீங்க. எங்க ரெண்டு பேருக்கும்தான்” என்றாள் அம்மா.

அவர் என்னைப் பார்த்தார். விளக்க ஆரம்பித்தால் வட்டம் வரைய வேண்டியிருக்கும். நான் மைப்பெட்டியைக் கேட்டு வாங்கினேன். அம்மா கட்டைவிரலை ஒற்றி எடுத்துவிட்டு, காகிதத்தில் பதிந்ததை இரண்டு முறை குனிந்து பார்த்தாள்.

பதினாறாம் நாள் எங்கள் வீட்டில் சித்திக்குப் படையல் போட்டோம். அம்மாவின் பிறந்த வீட்டு ஆள் ஒருவருக்கு எங்கள் வீட்டில் இலை விரித்தது அதுதான் முதல் தடவை. மாமா மாரண்டஹள்ளியிலிருந்து ஒரு கூடை தக்காளியோடு வந்தார். பதினாறு நாள் சவரம் செய்யாமல் இருந்தார். அக்கா சொன்ன கணக்கு தனக்கும் பொருந்தும் அல்லவா என்று தாடியைத் தடவிக் காட்டினார். அம்மா அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். இவளைப் படிப்பில் சேர்த்தாயிற்று, ஆவணியில் நீ வேறு பெண்ணைப் பார்த்துக்கொள் என்று.

மாமா பிசைந்த சோற்றை வாயில் வைக்கவில்லை. “இதுக்குத்தானாக்கா இந்தப் பதினாறு நாளு?”

“அது எங்க சித்திக்குடா. இது இவளுக்கு. ரெண்டையும் கலக்காத.”

மாமா பிசைந்த சோற்றையே மறுபடியும் பிசைந்தார். இருபத்தொரு வருடமாக அவரிடமும்தான் சொல்லிவைத்திருந்தார்கள் என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. அதுவரை என் கஷ்டம் மட்டுமே பெரிய கஷ்டமாக இருந்தது. அவர் ரசம் கேட்டார். ஊற்றினேன். முழுவதும் சாப்பிட்டு, இலையை மடித்துவிட்டு, படிப்பு எப்போது ஆரம்பம் என்று என்னிடம் கேட்டார். ஆரம்பித்தால் மண்டி வண்டியில் பெட்டியைச் சேலம் வரைக்கும் ஏற்றிவிடுவதாகவும் சொன்னார்.

திங்கட்கிழமையே ஆரம்பித்துவிட்டது, இரண்டு நாள் வகுப்புக்குப் போய்விட்டுத்தான் படையலுக்கு லீவு எழுதிக் கொடுத்து வந்திருக்கிறேன் என்றேன். பெட்டி விடுதியில் என் கட்டிலுக்கு அடியில் இருந்தது. சாவி என் இடுப்பில்.